தெற்குக்குப் பச்சை

மார்ச் 3, திங்கள்

இன்றும் ரூல்தடியோடு மல்லுக்கட்டு. எங்கள் வானிலை அலுவலகத் தலைவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் அது. ஒடிந்தாலும் வளையமாட்டார். வருடாவருடம் சுழல்காற்று வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது என் வேலை. மேற்குச் சமவெளிக்குச் சிவப்பு. தெற்கு மரக்காட்டுப் பகுதிக்குப் பச்சை. அங்கே சுழல்காற்று அபூர்வமாம்.

என்ன அபூர்வம்? மேற்கே பொட்டல்வெளி. வானத்திலிருந்து தும்பிக்கை இறங்கினால், பட்டப்பகலில் பத்து பேர் பார்த்து, பத்து பேரும் போன் செய்கிறார்கள். ஓடி ஒளிய வீட்டுக்கு வீடு நிலவறை வேறு. தெற்கே மரமும் மேடும் மழையும் மறைக்கும். வருவதும் பெரும்பாலும் ராத்திரியில். யார் பார்ப்பது? பார்த்தவர் இல்லையென்றால் எங்கள் பதிவில் அது சுழல்காற்றே இல்லை, வெறும் 'பலத்த காற்று'. ஆனால் சாவு மட்டும் தெற்கில்தான் அதிகம்.

இதைத்தான் சொன்னேன். "பலத்த காத்துல செத்தவங்க வேற கணக்கும்மா" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மார்ச் 5

அக்கா குடும்பம் இருப்பது அந்தப் பச்சையில்தான். செங்கல் அடுக்கி, மேலே தூக்கி வைத்த தகரப் பெட்டி மாதிரி வீடுகள். தோண்டினால் தண்ணீர், அதனால் நிலவறை கிடையாது. குடியிருப்பிலேயே கான்கிரீட்டில் கட்டியது பொதுவான துணி துவைக்கும் அறை ஒன்றுதான். அதையும் இருட்டினால் காவலாளி பூட்டிவிடுகிறார். யாரோ மெஷினை உடைத்துவிட்டார்களாம். சாவி ஒன்று வாங்கி வைத்துக்கொள் என்று அக்காவிடம் போன வாரமே சொல்லியிருந்தேன். இன்று கேட்டால் சிரிக்கிறாள்.

"கேட்டேன்டி. அந்த மனுஷன் உன் மேப்பைத்தான் காட்டுறாரு. வாசல் ரூம்ல ஒட்டி வச்சிருக்காரு. நாம பச்சையாம். பச்சைக்கு எதுக்கு சாவிங்கறாரு. நீ அடிச்ச கலர்தானே?"

என்னத்தைச் சொல்ல. அத்தான் லாரி மெக்கானிக், வாயும் லாரி ஹாரன் மாதிரிதான். போனைப் பிடுங்கி, "என்ன மச்சினி, துவைக்கிற மெஷினுக்குள்ளயே படுத்துக்கட்டுமா?" என்று ஒரே கிண்டல். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மார்ச் 6

காவலாளிக்கே போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். மேலே இருந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், திறந்தே வைக்கிறேன் என்றார். மேலே என்றால் ரூல்தடி. விளங்கினாற்போலத்தான்.

மார்ச் 11

பச்சையை மாற்றவில்லை. அதன் மேலே கறுப்பில் குறுக்குக் கோடுகள் போட்டுக் கொண்டுபோனேன். வருவது குறைவு, வந்தால் ஆபத்து அதிகம் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினேன். ரூல்தடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"எத்தனை வந்துச்சுங்கறதுதான் மேப். வந்தா என்ன ஆகும்ங்கறது நம்ம வேலை இல்ல."

"அப்போ யார் வேலை சார்?" — கேட்டேவிட்டேன்.

அழித்துக் கொண்டுவரச் சொன்னார். அழித்தேன். ஆத்திரத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன்.

மார்ச் 12

அழித்த இடத்தில் தாள் நைந்துபோய்விட்டது. நல்லா வேணும் அவருக்கு.

மார்ச் 19

காலையிலிருந்தே புழுக்கம். சாயங்காலம் ரேடார் திரையில் தெற்கே, சுழல்காற்றுக்கு அறிகுறியான அந்தக் கொக்கி வடிவம். அக்காவுக்கு மூன்று தடவை போன். கடைசித் தடவை கத்தியே விட்டேன் — பூட்டை உடைங்க, யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்க, பிள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடுங்க. "உன் தொல்லை தாங்கலடி" என்று வைத்துவிட்டாள்.

இப்போது லைன் போகவில்லை. எடுடி. எடுத்துத் தொலையேன். இதை எழுதி என்ன ஆகப் போகிறது?

மார்ச் 20

இருக்கிறார்கள். அக்கா, அத்தான், பிள்ளைகள் எல்லோரும்.

அத்தான் ஜாக்கிக் கம்பியால் பூட்டை நெம்பியிருக்கிறார். சத்தம் கேட்டுக் காவலாளி திட்டிக்கொண்டே டார்ச்சோடு ஓடி வந்திருக்கிறார். மழை சட்டென்று நின்று, மரக்காட்டுக்குள்ளிருந்து ஓர் இரைச்சல். "மேல டார்ச் அடிச்சாரு" என்றாள் அக்கா. "தும்பிக்கை தொங்குதேன்னாரு. நான் அவர் கையைப் பிடிச்சு உள்ள இழுத்தேன்டி. விடும்மா, மத்தவங்களை எழுப்பணும்னு உதறிட்டுப் போனாரு."

ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறார். அந்த வரிசை முழுக்க அறைக்குள் ஓடி வந்திருக்கிறது. அவர் வரவில்லை. விடிந்த பிறகு மரங்களுக்கு நடுவில் உயிரில்லாமல் கிடந்தாராம். அக்கா வீடு இருந்த இடத்தில் செங்கல்கள் மட்டும்.

மார்ச் 21

ரூல்தடி கேட்ட முதல் கேள்வி: "யாராவது பாத்தாங்களா?"

காவலாளி பார்த்தார் என்றேன். அவரே சொன்னால்தானே எழுத முடியும் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரில் வந்து பாருங்க சார், அப்புறம் எதை வேணும்னாலும் எழுதுங்க என்றேன். ஜீப்பில் ஏறினார்.

அங்கே மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கவில்லை. ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் முறுக்கிக்கொண்டு, திசைக்கு ஒன்றாகக் கிடந்தன. ரூல்தடி அவற்றுக்கு நடுவில் வெகுநேரம் நின்றார். அத்தான் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். திரும்பும் வழியில், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சுழல்காத்துன்னே எழுது. பார்த்தவர்னு அந்தக் காவலாளியைப் போடு."

போட்டேன். மனசு ஆறவில்லை. இதற்கு முன்னால் 'பலத்த காற்று' என்று எழுதியதெல்லாம்?

ஏப்ரல் 14

புதிய வரைபடம் அச்சாகி வந்தது. தெற்கில் பச்சை இல்லை. குறுக்குக் கோடுகளும் இருக்கின்றன. பழைய பதிவுகளை எல்லாம் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார் ரூல்தடி. தாமதமாக வந்த புத்தி. அவரைப் பாராட்ட எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அக்கா ஒரு பிரதி கேட்டாள். துவைக்கும் அறைக் கதவில் ஒட்டவாம். பூட்டியிருக்கும் கதவில் ஒட்டி என்ன பயன் என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

"பூட்டறதே இல்லடி" என்றாள். காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க, அவள் வீட்டுச் செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்களாம்.