இரண்டாவது டிஸ்க்கில் இருக்கும் அம்மா

ஜூன் 7, வெள்ளி
விடிந்ததிலிருந்து மழை. ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டு இல்லை. எனக்கும் பள்ளிக்கூட லீவு, பாடம் நடத்தப் போக வேண்டாம். கூரை ஒழுகுகிறது, கம்ப்யூட்டர் மேல் பிளாஸ்டிக் போர்த்தினேன்.
நானும் தம்பி யோகனும் எட்டு மாதமாகச் செய்த கேம் முடிந்தது. மீனா என்கிற பெண் தொலைந்துபோன அம்மாவை எஸ்டேட் எஸ்டேட்டாகத் தேடுகிறாள். சிரம்பான் டவுனில் கேம் விற்கும் கடைக்காரர் விற்றுத் தருவார். ஒரே நிபந்தனை: அம்மா கிடைக்கும் கடைசிக் கட்டம் தனி டிஸ்க்கில், தனி விலைக்கு. யோகன் சரி சொல்லிவிட்டான். நானும் தலையாட்டினேன். மனசு சரியில்லை.

ஜூன் 9, ஞாயிறு
வெயில். துணி காய்ந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவை விளையாடிப் பார்க்கச் சொன்னேன். எந்தப் பொத்தான் எங்கே என்று முதலில் தடுமாற்றம். கேமில் வரும் ரெம்பாவ் சந்தையில் வழி தவறிச் சிரித்தார். பிறகு மூன்று மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. மீனா தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். திரை கறுப்பு. ‘தொடர்ச்சி இரண்டாவது டிஸ்க்கில்.’
கதவு திறக்குமென்று காத்திருந்தார். விளக்கினேன்.
“கதவ தட்ட வெச்சிட்டு தொறக்காம விட்டா எப்படிலா டீச்சர்? வேற கதைன்னா தனியா வித்துக்குங்க. இந்தப் புள்ள அம்மாவ இதுலயே பாத்துரணும்.”
அக்கா போனதும் அந்தக் கதவுக் காட்சியை நானே மறுபடி போட்டுப் பார்த்தேன்.

ஜூன் 10, திங்கள்
யோகனிடம் சொன்னேன். கோபம். வாக்குக் கொடுத்தாச்சாம், கடைக்காரர் முகத்தில் எப்படி முழிப்பதாம். சாப்பிடாமலே ஷிப்ட்டுக்குப் போனான்.
எல்லாம் ஒரே டிஸ்க்கில் அடங்காது, அதுவும் உண்மை. இசையைக் குறைத்தால் அடங்கும். இசை அவன் போட்டது. கேட்கப் பயம்.

ஜூன் 12, புதன்
வாங்க: ஸ்டாம்ப், தலைவலி மாத்திரை, கருவாடு.
இரண்டு நாளாகப் பேச்சில்லை. மத்தியானம் அவனே உட்கார்ந்து அந்தக் கதவுவரை விளையாடினான். நான் அடுப்படியில்.
“மியூசிக்க பாதி தூக்கிரலாம்க்கா,” என்றான்.
குழம்பு அடிப்பிடித்தது. பரவாயில்லை.

ஜூன் 14, வெள்ளி
சிரம்பான் போனோம். கடைக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்து வந்துவிடுவது என்று பஸ்ஸிலேயே பேசிவைத்தோம். யோகன்தான் பேசினான். முதல் டிஸ்க்கிலேயே கதை முழுசாக முடியும். இரண்டாவதில் வேறு கதை, மீனாவும் அம்மாவும் சுவா ஊர்ப் பக்கம் கடை போடுவது. வாங்காதவருக்கும் ஒரு குறையும் இராது.
கடைக்காரர் முகம் சுருங்கியது. பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.
“சரிலா. ஆனா ரெண்டாவது கத நல்லா இருக்கணும்.”
அவ்வளவுதான். வெளியே வந்தபிறகு ஐஸ் கடைக்குப் போனோம். ஆளுக்கொரு கிண்ணம் தேங்காய்ப்பால் செண்டோல்.
திரும்பும் பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டேன். எழுப்ப வேண்டியவனும் தூக்கம். எங்கள் ஸ்டாப் தாண்டி இரண்டு மைல். நடந்தே வந்தோம்.