காது குத்திக்கொண்ட ஸ்பெயின் காசு

“வளையத்த எடுத்துட்டா காசு பழையபடி ஆயிடுங்களா சார்?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டீர்கள். நேற்று உங்கள் மகள் காசு தொங்கும் சங்கிலியைக் கழற்றி என் மேசையில் வைத்து, அதையே கேட்டாள். உங்கள் வருஷத் தெவசத்துக்குள் அந்த ஸ்பெயின் தங்கக் காசைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

மாந்தோப்புக் குத்தகைப் பணத்தோடு நாம் இருவரும் மொரப்பூரில் ரயிலேறி, சென்னை நாணயக் கண்காட்சியில் வாங்கிய காசு. ஸ்பெயின் அரசர்கள் காலத்தில் கையால் வெட்டிச் சுத்தியலால் அடித்தது. கையால் தட்டிய அடை போல ஓரமெல்லாம் கோணல். ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் கேடயம். அரசர் பெயரில் இரண்டு எழுத்து மட்டும் விளிம்பில் தப்பியிருந்தது. ஊர் வரும்வரை லென்ஸை நீங்கள் கீழே வைக்கவில்லை.

நீங்கள் தீர்த்தமலைக்குப் போயிருந்த நாளில், மகள் கல்யாணத்துக்கென்று உங்கள் மனைவி அதை ஆசாரியிடம் கொடுத்து வளையம் பற்றவைத்துவிட்டார். நம் பக்கத்தில் தங்கக் காசு என்றால் கழுத்தில் தொங்க வேண்டுமே. “பொட்டியில தூங்குறதுக்கா தங்கம்? பொண்ணு போட்டுக்கட்டுங்க” என்றார். சேகரிப்பவர்களிடம் அதன் மதிப்பு அத்தோடு போயிற்று. இரண்டு எழுத்தில் ஒன்று பற்றவைத்த இடத்துக்கு அடியில் மறைந்தும் விட்டது.

அன்று உங்களுக்கு நான் சொன்ன உதாரணம், சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்கலாம், ஓட்டை அங்கேயேதான் இருக்கும் என்பது. காசை லென்ஸில் இன்னொரு முறை பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள்.

“கடலெல்லாம் தாண்டி முழுசா வந்துச்சு சார். எங்க வூட்டுக்கு வந்து காது குத்திக்கிச்சு!”

நேற்று அவளுக்கும் அதே ஆணியைச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை.

“அப்பா கடைசி வரைக்கும் அம்மா மேல வருத்தமாவே இருந்தாருங்களா மாமா?”

“நீ ஊருக்கு வரப்பல்லாம் உங்கப்பா என்ன பண்ணுவாரு, சொல்லு?”

“சங்கிலிய வெளிச்சத்துல இழுத்து வெச்சு, மிச்சம் இருக்குற ஒத்த எழுத்த லென்ஸ்ல பார்ப்பாரு. ‘ராஜா இன்னும் இருக்காருடி’ன்னு அம்மாவக் கூப்புடுவாரு. ‘இருந்தா சாப்புட வரச் சொல்லுங்க’ம்பாங்க அம்மா.”

சொல்லி முடிக்கும் முன்பே அவள் சிரித்துவிட்டாள். சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நீங்கள் கொடுத்த லென்ஸ் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. போனதை விட்டு, மிச்சம் இருக்கும் எழுத்தைத் தேடும் உங்கள் வழக்கமும் அதனோடு என்னிடம் வந்துவிட்டது. இதைப் படிக்கும் யாரிடமாவது பழைய காசு இருந்தால், புளி போட்டுத் துலக்காமல், விளிம்பைப் பிடித்து, வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பார்க்கட்டும்.