ஒன்பது நிலா

1989 ஒக்டோபர் 5, வியாழன்

மத்தியானம் ஏழாம் வார்டுக்கு உம்மு குல்தூம் என்றொரு முஸ்லிம் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். எழுபத்தாறு வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் காய்ச்சல் கொதிக்கிறது. சிறுநீரில் கிருமியாம். பலாபத்வலயிலிருந்து வான் பிடித்துக் கொண்டுவந்த மகள் ஜுனைதா, ஊரடங்குக்கு முன் திரும்ப வேண்டுமென்று பறந்தாள். "அக்கா, உம்மாவப் பாத்துக்கொள்ளுங்க" என்று என் கையைப் பிடித்தாள். நான் அட்டெண்டன், அதுவும் தற்காலிகம். வார்டு ஊழியர்களில் தமிழ் பேச வேறு ஆளில்லை, அதனால் என் கை.

ஒக்டோபர் 6

செத்துப்போன கணவரைக் கூப்பிடுகிறார். சுவரில் எறும்பு ஊர்கிறதென்று கத்துகிறார். சேலைன் குழாயை இரண்டு தரம் பிடுங்கிவிட்டார். சிஸ்டர் சொல்லி நான்தான் இரண்டு கையையும் கட்டிலோடு சேர்த்துப் பண்டேஜால் கட்டினேன்.

ஒக்டோபர் 7

இழுத்து இழுத்து மணிக்கட்டு சிவந்துவிட்டது. கட்டுக்கு அடியில் பஞ்சு வைத்தேன். பெரிய புண்ணியம்தான்!

ஒக்டோபர் 10, செவ்வாய்

நேற்றே காய்ச்சல் விட்டுவிட்டது. கைக்கட்டு மட்டும் இன்னும் அவிழவில்லை. கலவரத்தால் பஸ் இல்லை, ஜுனைதாவும் வரவில்லை.

காலையில் டொக்டர் வந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். இன்று என்ன திகதி என்று கேட்கச் சொன்னார். நான் காதுக்குள் கத்தினேன். நாக்கு வறண்டு கிடந்தது, மெதுவாகத்தான் சொன்னார்: "பிறை ஒம்பது."

"ஹந்தவல் நமயக்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். நிலா ஒன்பதாம்! பட்டப்பகலில் ஒன்பது நிலா தெரிகிறதென்றால் வேறென்ன நினைப்பார்கள்? டொக்டர் நோயாளியின் டிக்கட்டில் எழுதினார். மூளை கலங்கிவிட்டதாம், இங்கே வைத்துப் பார்க்க வசதியில்லையாம். திங்கட்கிழமை வாகனத்தில் கொழும்பு மனநோய் ஆஸ்பத்திரிக்கு. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்.

ஒக்டோபர் 11

கஞ்சி கொடுக்கக் கட்டை அவிழ்த்தேன். "நானே குடிக்கிறன் புள்ள" என்று கோப்பையை வாங்கி, ஊதி ஊதி, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். பிறகு கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "கட்டாத புள்ள, நான் எங்க ஓடப்போறன்?" என்றார்.

கட்டினேன். ஏன் கட்டினேன்? சிஸ்டருக்குப் பயம். மூளை கலங்கிய மனுஷி இவ்வளவு நிதானமாகக் கஞ்சி குடிப்பாரா என்று ஒரு யோசனை வந்தது. வந்ததைத் துரத்திவிட்டேன்.

ஒக்டோபர் 13, வெள்ளி

விடுமுறை நாள். பக்கத்துக் கட்டிலில் வயிற்று ஒப்பரேஷன் செய்துகொண்ட மஸூதா, எழுந்து உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள். என்ன விசேஷம் என்றேன்.

"இன்டைக்கி மௌலூது தானே அக்கா, நபி பொறந்த நாள். பிறை பன்னெண்டு."

"பிறைன்னா?"

"திகதிதான். நாங்க பிறையிலதானே நாள் எண்ணுற."

விரலை மடக்கினேன். வெள்ளி பன்னிரண்டு. வியாழன் பதினொன்று. புதன் பத்து. செவ்வாய் —

ஐயோ. அந்தம்மா சரியாத்தான் சொல்லியிருக்காங்க. கேட்டது திகதி, சொன்னது திகதி. நடுவுல நின்ன நான்தான் நிலாவாக்கிப்புட்டேன். பேருல சந்திரன வச்சிக்கிட்டு, சந்திரகாந்தா, ஒனக்குப் பிறை தெரியல! ஒரு மனுஷிய என் வாயாலயே பைத்தியமாக்கிட்டேனே. கொழும்புல தமிழ் தெரியாத எடத்துல கட்டிப் போட்டுட்டா, அந்த மக எங்க போய்த் தேடுவா?

ஒக்டோபர் 14

போயா. பௌர்ணமி விடுமுறை, டொக்டர் வரவில்லை. சிஸ்டரிடம் சொன்னேன். டிக்கட்டில் எழுதியது எழுதியதுதான், நிரந்தர நியமனம் வரப்போகிற நேரத்தில் உன் தப்பை நீயே ஊதாதே என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

கட்டை அவிழ்த்து, கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "குழாயப் புடுங்கினா நான் பொறுப்பு மிஸ்" என்று சிஸ்டரிடம் சொன்னேன். உம்மாவுக்குப் பார்வை மங்கலென்று மஸூதா தன் மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தாள். அதைப் போட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார் உம்மா. "ஓ, நீயா அந்தச் சத்தக்காரி!"

ஒக்டோபர் 15, ஞாயிறு

டொக்டர் நுழைந்ததும் போய் நின்றேன். "சேர், அந்த ஒன்பது நிலா என் தப்பு" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் போயாவுக்கு நிலா பார்ப்பதுபோல அவர்கள் எல்லா நாளையும் நிலாவில் எண்ணுகிறார்கள் என்றேன்.

டொக்டர் கட்டிலுக்கு வந்தார். கேள் என்றார். இந்த முறை நான் கத்தவில்லை. குனிந்து, கையைப் பிடித்து, "உம்மா, இன்னைக்கு என்ன பிறை?" என்றேன்.

"பதினாலு. ராவைக்கி ஜன்னல்ல முழுசாத் தெரிஞ்சிச்சே, நீ பாக்கல்லியா?"

நேற்று போயா. கணக்குச் சரியென்று டொக்டர் தலையை ஆட்டினார். நாட்டை யார் ஆளுகிறார்கள் என்று அடுத்த கேள்வி.

"ஆரு ஆண்டா எனக்கென்ன? பஸ்ஸ ஓடச் செல்லுங்க. எண்ட மகள் வரோணும்."

ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார்! இந்த வார்டில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பேனாவை எடுத்துச் செவ்வாய்க்கிழமை எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு வெட்டினார். "அன்றைக்கே ஏன் திருப்பிக் கேட்கவில்லை?" என்றார் என்னிடம். பிறகு அவரே, "நானும் கேட்கவில்லை" என்றார்.

ஜெயிச்சிட்டோம்!

ஒக்டோபர் 16

வாகனம் உம்மா இல்லாமல் கொழும்புக்குப் போனது. வாசலில் நின்று பார்த்தேன்.

ஒக்டோபர் 22

ஜுனைதா வந்து அழைத்துப் போனாள். உம்மா இரண்டு பக்கமும் எங்களைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். மறதி இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். வாசலுக்குப் போவதற்குள் நாலு தரம் என் பெயரைக் கேட்டார். நாலு தரமும் சொன்னேன், எனக்கென்ன நஷ்டம்? "கோவிக்காம திரும்பத் திரும்பச் சொல்லணும், தண்ணி அடிக்கடி குடுக்கணும், கட்டப்படாது" என்று ஜுனைதாவிடம் என் சத்தத்தில் சொன்னேன். உம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

நவம்பர் 28

நியமனம் இன்னும் வரவில்லை. காலை பத்து மணிக்குத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஆண்கள் வார்டு அட்டெண்டன் ஓடிவந்தான். இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து இராமசாமி என்று ஒரு கிழவரைக் கொண்டுவந்திருக்கிறார்களாம். என்னென்னவோ பிதற்றுகிறாராம். கட்டவும் வேண்டாம், சந்திரகாந்தா வந்து கேட்கும்வரை டிக்கட்டில் ஒன்றும் எழுதவும் வேண்டாம் என்று டொக்டர் சொன்னாராம்.

தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனேன்.