ரிசீவர் மேல் இருக்கும் டப்பா

என்னங்க,

இந்தச் சீட்டு உங்கள் கையில் இருக்கிறதென்றால், "ஐயோ, சாட்டிலைட் ஒண்ணுகூடத் தெரியலையே!" என்று ஜன்னலுக்கு ஓடி வந்திருக்கிறீர்கள். பதற வேண்டாம், வயர் எதையும் நான் தொடவில்லை. ஜன்னலில் சாட்டிலைட் சிக்னல் பிடிக்கிற உங்கள் ரிசீவர் மேல், அதை மறைக்கிற மாதிரி எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவை வைத்தது மட்டும் நான்தான். மேசையில் தினமும் வைக்கும் சாப்பாடு மூன்று நாளாகத் திறக்காமலே கிடந்ததே!

கம்ப்யூட்டருக்குச் சாட்டிலைட்டிலிருந்து சரியான நேரம் வாங்கித்தர வானத்துக்கே வயர் இழுத்தவர் நீங்கள். நேற்று என்னை பஸ் ஸ்டாப்பில் நாற்பது நிமிஷம் நிற்கவைத்துவிட்டு, "நேரம் போனதே தெரியலைம்மா" என்றவரும் நீங்கள்தான்.

இன்று என்னைக் கூட்டிப்போகச் சரியாக ஆறு மணிக்கு அங்கே நில்லுங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன்: வண்டிச் சாவியைத் தேடி வீட்டைத் தலைகீழாக்க வேண்டாம். கவரில் சுற்றி, அதே டப்பாவில் சாப்பாட்டுக்கு அடியில் புதைத்திருக்கிறேன். துழாவி எடுக்கக் கூடாது, சாப்பிட்டே எடுங்கள்.