முகம் மாற்றிய படம்

இன்று காலை சாயம் கரைக்கிற டர்ப்பன்டைன் போத்தலைத் திறந்தேன். மணம் எழுந்ததும் என்னை அறியாமல் வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. இத்தனை வருடமாகியும் உடம்பு அந்தப் பயத்தை விடவில்லை.

அப்போது யுத்தம் முடிந்து சில ஆண்டுகள். எயிட்ஸ் நோயாளருக்காகக் கன்னியர் நடத்திய இல்லத்தில் நீ கிடந்தாய். நம் ஊர் மாம்புரியில் இருந்த உன் அம்மாவுக்கு நீ இத்தாலியில் வேலை செய்வதாகத்தான் தெரியும். கூடப் படித்தவள் என்பதால் எனக்கு மட்டும் சொல்லியிருந்தாய். நானோ உன்னிடம் கேட்காமலே உன்னைச் சிலுவையில் வரைந்தேன், உன் முகத்தோடும் தோலின் கரும்புண்களோடும். கோயிலுக்குப் போகாதவள் நான். நோயாளரைக் கண்டு ஒதுங்குகிற கோயில்காரரை வெட்கப்பட வைக்க நினைத்தேன். தவக்காலக் கண்காட்சியில், ஊர் மண்டபத்தில் அதை மாட்டினேன்.

மறுநாள் கோயில்காரர் நாலு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஆண்டவர்ட உடம்பில சீக்குப் புண்ணோ, டீச்சர்? உங்கட அப்பாவ இப்பிடிக் கீறுவீங்களோ?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லுமுன் பின்னால் நின்றவர் மெதுவாகச் சொன்னார். "அந்த முகத்த எங்கயோ கண்டிருக்கிறன்."

உன் அம்மா கருவாடு விற்றுச் சீவித்தவர். விஷயம் வெளியே வந்தால் அவர் கையால் யார் வாங்குவார்கள்?

இல்லத்துக்கு ஓடி வந்து சொன்னேன். நீ அவர்களைவிடக் கோபப்பட்டாய். "என்ட வருத்தத்த ஆண்டவருக்கு ஏன் குடுத்த? அவரிட்டத்தானே நான் சுகம் கேக்கிறன்." உன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த கன்னியாஸ்திரி சிரித்தார். "ஆளைக் கேட்டுட்டெல்லோ கீறவேணும், டீச்சர்." நீ சிரிக்கவில்லை. "அம்மாவுக்குத் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றாய். பண்ணினேன்.

அன்று பின்னேரமே மண்டபத்தில் டர்ப்பன்டைனால் உன் முகத்தை அழித்து, கலண்டரில் இருக்கிற இயேசுவின் மாதிரி ஒரு முகத்தை வரைந்தேன். புண்களையும் மூடினேன். வந்து பார்த்தவர்கள் திருப்தியோடு போனார்கள்.

அடுத்த நாள் உன் அம்மா மண்டபத்துக்கு வந்தார். புது முகத்தை அவர் பார்க்கவே இல்லை. படத்தில் பாதத்தை மாற்ற நான் மறந்திருந்தேன். சிறுவயதில் திருக்கை மீனின் முள் குத்திய உன் தழும்பு அங்கே அப்படியே இருந்தது. அதை விரலால் தொட்டார்.

"பிள்ள, அவன் சாப்பிடுறானோ?"

வாசலில் அந்த நாலு பேரில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"யாரக் கேக்கிறீங்க, மாமி?" என்றேன்.

உன் அம்மா தலையாட்டிவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் இல்லத்தில் நீ கண்ணை மூடினாய்.

சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை, பயந்துபோனேன். உன் அம்மாவும் இப்போது இல்லை. அவருக்குச் சொல்லாத பதில் மட்டும் என்னிடம் இருக்கிறது: ஓம் மாமி, காலம்பற அரைக் கோப்பை கஞ்சி குடிச்சான்.