மூன்று மாறிகளும் ஒரு தாழ்ப்பாளும்

என் பிரியமுள்ள மரகதத்துக்கு,

முதலில் ஒரு திருத்தம். உன் அக்காவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று சிவகாசியில் உறவுக்காரர்கள் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். தப்பவில்லை. சில நாள் சில காரியத்தில் பிசகுகிறேன், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குக் காட்டியவள் நீ. அதனால்தான் நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்தும் உனக்கே எழுதுகிறேன்.

இதை நாம் படித்த கான்வென்ட்டின் ஆண்டு மலருக்கு அனுப்பச் சொல்லி என் மகன் தங்கராஜ் கையில் கொடுப்பேன். அவன் படித்துப் பார்க்காமல் அனுப்ப மாட்டான். படிக்கட்டும்.

உன் அத்தான் தவறிய பிறகு விருதுநகர் வீட்டைப் பூட்டிவிட்டு என்னை இங்கே, சிவகாசிக்கு, கூட்டி வந்தான். வந்த வாரமே தூக்கத்துக்கு ஒரு மாத்திரை ஆரம்பித்தார்கள். பத்தாம் நாள் தபாலாபீசுக்குப் போனவள், திரும்பி வரும்போது எந்தத் தெரு என்று புரியாமல் முக்கில் நின்றுவிட்டேன். அன்றைக்கு என் அறைக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் வைத்தார்கள்.

மருமகள் சரோஜா கெட்டவள் இல்லை. "உங்க நல்லதுக்குத்தான் அத்தை, கோவிச்சுக்கிடாதீக" என்று சொல்லிவிட்டுத்தான் தாழ் போடுகிறாள். அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நான் பிசகியதை எல்லாம் அதில் எழுதுகிறாள். பிசகாத நாளை எழுதுவதில்லை. போன வாரம் செவ்வாயைப் புதன் என்றேனாம். என் ஜன்னலைத் திறந்தால் அச்சகத்தின் பின்சுவர். அதில் செவ்வாய் எப்படி இருக்கும், புதன் எப்படி இருக்கும்? நீயே சொல்லு.

உனக்கு நினைவிருக்கிறதா, சென்னையில் மனவியல் படித்துவிட்டு நீ எங்கள் பட்டாசு ஆலைக்கு ஆராய்ச்சிக்கு வந்தது? வெடிமருந்து இல்லாத கொட்டகையில் பெண்கள் காகிதக் குழாய் உருட்டுவார்கள். ரேடியோ பாட்டுக் கேட்டால் வேலை கூடுமா குறையுமா என்று நீ பார்க்க வேண்டும். உன் அத்தான் வெள்ளிக்கிழமை மட்டும் ரேடியோ வைக்கச் சம்மதித்தார். ஆடி மாதம். நாலு வெள்ளியும் குழாய் குறைந்தது. பாட்டு வேலையைக் கெடுக்கிறது என்று நீ எழுத, நான்தான் முதல் ஆளாகத் தலையாட்டினேன்.

கொட்டகையில் மூத்தவள் முத்தம்மா சிரித்துவிட்டாள். "பாட்டு என்னம்மா செஞ்சுச்சு பாவம்? ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு விரதம்லா இருக்கோம். வெறும் வயித்தோட எம்புட்டு உருட்ட?"

நீ என் பக்கம் திரும்பினாய். "அக்கா, வருஷக்கணக்கா இங்கன வாறீக. ஒருத்தியையாவது சாப்பிட்டியான்னு கேட்டிருக்கீகளா?"

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. நீ அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆவணியில் மறுபடி ஆரம்பித்தாய். நாமாக மாற்றுவது ஒரு மாறி, அதனால் மாறுகிறதா என்று நாம் அளப்பது இன்னொரு மாறி, நமக்குத் தெரியாமல் கூடவே மாறிவிடுவது மூன்றாவது, அதுதான் ஆளை ஏமாற்றும் என்றாய்.

இந்த வீட்டில் அளக்கிறது என் பிசகை. சரி. ஆனால் மாற்றியது எதை? வீட்டை மாற்றினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அடைத்து வைத்தார்கள். மூன்றையும் விட்டுவிட்டு வயது என்கிறார்கள். தங்கராஜிடம் சொன்னேன். "அம்மா, நீங்க எது சொன்னாலும் பள்ளிக்கூடம் நடத்துறீக. வயசாச்சு, ஒத்துக்கோங்களேன்" என்றான். வயது எனக்கு ஒரே வாரத்திலா வந்தது?

ஆனால் உன்னிடம் மறைக்கக் கூடாது. பதினைந்து நாளைக்கு முன் சரோஜாவிடம், "மரகதம் வருவா, அவளுக்கும் சேர்த்துக் காப்பி போடு" என்றேன். சொன்னபோது நீ உயிரோடுதான் இருந்தாய், எனக்கு. அவள் நோட்டை எடுத்தாள். அது மாத்திரையா, வயதா, இந்தச் சுவரா? எனக்குத் தெரியவில்லை மரகதம். இந்த அறையைவிட அந்தத் தெரியாமை எனக்கு இறுக்கமாக இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். தங்கராஜ் டாக்டரிடம் கேட்டு, மாத்திரையை மட்டும் ஒரு மாதம் நிறுத்தட்டும். இதே அறை, இதே சாப்பாடு, தாழ்ப்பாளும் அப்படியே இருக்கட்டும். அதையும் கூடவே எடுத்துவிட்டால் எதனால் தேறினேன் என்று யாருக்கும் தெரியாது. சரோஜா தினமும் எழுதட்டும், பிசகாத நாளையும் சேர்த்து.

பிசகு குறைந்தால் தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டும். குறையாவிட்டால், உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், அந்தக் கதவைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். எனக்குச் சாதகமாக ஒரு நாளைக்கூடத் திருத்தச் சொல்லவும் மாட்டேன்.

உன்னிடமிருந்து பதில் வராது என்பது எனக்குத் தெரியும். இதையும் அவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

உன் பெரியம்மா மகள்,
ராஜம்மாள்

தங்கராஜ், சம்மதமா இல்லையா என்பதை வாயால் சொல்லாதே. ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கதவுக்கு அடியில் தள்ளிவிடு.