விண்ணப்பத்தில் ஒட்டிய என் படம்

786

கடலூர் ஓ.டி.
3.7.1964, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் நஸ்ருதீனுக்கு உன் அத்தா அபுபக்கர் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறோம், நீயும் பினாங்கில் அப்படித்தான் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் உன் அம்மாவுக்குச் சோறு இறங்கும். உன் இரண்டு கடிதமும் வந்து சேர்ந்தன. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, நேரமில்லாமல் இல்லை, எழுத முகமில்லை. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நான் தண்ணீர் கேட்டால் வலிக்கிறது, பக்கத்து வீட்டுக்குப் போக வலிப்பதில்லை. காடாம்புலியூர்ப் பக்கம் இந்த வருஷம் முந்திரி பரவாயில்லை, ஆனால் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்க எனக்கு எங்கே பொழுது, ஒரு மாதமாக உன் தங்கச்சிக்குக் காலேஜில் இடம் வாங்குகிறேன் பேர்வழி என்று ஊரெல்லாம் சிரிக்கும்படி அலைந்துகொண்டிருந்தேன். அந்தக் கூத்தை முதலிலிருந்து சொல்கிறேன், சிரிப்பதானால் சிரித்துக்கொள், ஆனால் கடைசிவரை படி.

ருக்கையா எஸ்.எஸ்.எல்.சி.யில் நானூற்று எழுபத்தொன்று வாங்கிய செய்தியைத்தான் உனக்குப் போன கடிதத்தில் எழுதியிருந்தேனே. மார்க் வந்த மறுநாளே பரங்கிப்பேட்டையிலிருந்து உன் அமீனா மாமி வந்துவிட்டாள், தன் மகன் ரஃபியுதீனுக்குப் பெண் கேட்டு. பையன் நல்ல பையன்தான், உன் மச்சானைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் புள்ள என்னடா என்றால் சிதம்பரத்துக் காலேஜில் பி.யூ.சி. படிக்க வேண்டும், சயின்ஸ்தான் எடுக்க வேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். நான் இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிற ஆள் ஆயிற்றே, நடுவில் நின்று பெரிய நீதிபதி மாதிரி ஒரு தீர்ப்புச் சொன்னேன். ஸபர் மாதம் முடிவதற்குள் இடம் கிடைத்துவிட்டால் படிப்பு, கிடைக்காவிட்டால் அடுத்த பிறை கண்டதும் நிக்காஹ் பேசி முடிப்பது என்று. மாமி சரி அண்ணே என்று போய்விட்டாள். ருக்கையா எழுந்துபோய்ச் சாப்பிட்டாள்.

ஃபாரம் வந்தது, எல்லாம் இங்கிலீஷ். நான்தான் பன்னிரண்டு வருஷம் பினாங்கில் வெள்ளைக்காரனோடு குப்பை கொட்டியவன் ஆச்சே, கொடு இங்கே என்று பிடுங்கிக்கொண்டேன். நான் எழுதுறேன் அத்தா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள், சும்மா இரு, அடித்தல் திருத்தல் வந்தால் தள்ளிவிடுவார்கள் என்று அதட்டிவிட்டு நானே ஏழு இடத்தில் அடித்துத் திருத்தினேன். தகப்பனார் தொழில் என்று ஒரு கோடு விட்டிருந்தார்கள், அதில் என் சரித்திரம் அடங்கவில்லை, ஓரத்தில் ஏறி மேலே போய் வளைந்து திரும்பி வந்தது. பிறகு போட்டோ ஒட்டச் சொல்லி ஒரு கட்டம். இங்கேதான் உன் அத்தாவின் மூளை வேலை செய்தது. அந்தக் காலத்தில் உன் அம்மாவைப் பினாங்கு கூட்டிப்போக பாஸ்போர்ட் எடுத்தபோது, முகம் மூடுகிற கோஷாப் பெண்ணுக்குப் படம் வேண்டாம் என்று என் படத்தை மட்டும் ஒட்டித்தான் முத்திரை குத்திக் கொடுத்தார்கள், அதை வைத்துக்கொண்டே அவள் கப்பல் ஏறி இறங்கினாள், ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சர்க்காரே ஒத்துக்கொண்ட முறை இது, காலேஜ் என்ன அதைவிடப் பெரிசா என்று, பெட்டியிலிருந்து துருக்கித் தொப்பியோடு நான் எடுத்துக்கொண்ட படத்தைத் தேடி எடுத்து, பசை தடவி, நேராக இருக்கிறதா என்று தூரத்தில் பிடித்துப் பார்த்து ஒட்டி, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். எவ்வளவு கச்சிதமாக வேலை முடித்தோம் என்று அன்றைக்கு ஒரு டீ ஜாஸ்தியாகவே குடித்தேன்.

அனுப்பிய பிறகு காத்திருக்கிற வேலை. சீட்டு கொஞ்சம், கேட்பவர் ஏராளம், அவர்கள் எதைப் பார்த்து எடுக்கிறார்கள் என்று நான் கேட்காத ஆள் இல்லை. மார்க்குதான் என்றார் ஒருவர். கையெழுத்து என்றார் இன்னொருவர். சிகை வெட்டுகிறவர், வாட்டசாட்டமான புள்ளைங்களத்தான் பாய் எடுக்கறாங்க என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து ஒரு வாரம் ருக்கையாவுக்குத் தினம் இரண்டு முட்டை. சர்டிபிகேட் நிறைய இருந்தால் மதிப்பு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒன்பது சர்டிபிகேட் வாங்கினேன். பள்ளிவாசலில் ஒன்று, முனிசிபல் கவுன்சிலரிடம் ஒன்று, காடாம்புலியூர் முந்திரி வியாபாரியிடம் ஒன்று. அந்த மனுஷர் என்ன எழுதினார் தெரியுமா, இந்தப் பெண்ணின் குடும்பத்தார் முப்பது வருஷமாக எடையில் ஏமாற்றாதவர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதையும் அனுப்பினேன். பூச்சி, தவளை அறுத்துப் படிக்கப்போகிறவளுக்கு அது எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நம் கடைக்குப் பக்கத்து அரிசிக்கடை மணவாளன் மாமா தன் மகனுக்கும் அதே காலேஜுக்கு ஃபாரம் போட இருந்தார். பாய், எல்லாம் சரியா இருக்கா பாருங்க, நீங்க வெவரமானவுங்க என்று என்னிடம் காட்டினார். பார்த்தால் கட்டத்தில் பையன் படம். ஏன் மணவாளன், பையன் படத்த ஒட்டியிருக்கீங்க, கார்டியன் படமில்ல ஒட்டணும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, படிக்கப்போறது அவந்தானே பாய், நானா போயி பெஞ்சில ஒக்காரப்போறேன் என்றார். அல்லாஹ்! கடைக்கு வந்து உட்கார்ந்தேன், எதிரே வாடிக்கையாளர் நின்று முந்திரி கேட்கிறார், எனக்கு என் தொப்பிதான் கண் முன்னால் நிற்கிறது.

இப்போது ஒன்று சொல்கிறேன், உன் அம்மாவிடம் கூட இதைச் சொல்லவில்லை. அந்தப் பதற்றத்துக்குள்ளேயே, சரி, இதோடு தள்ளிவிடுவார்கள், நம் மேல் பழி வராது, புள்ளயும் கண் பார்வையிலேயே பரங்கிப்பேட்டையில் இருப்பாள் என்று ஒரு நிம்மதி வந்தது. வந்ததுதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ரயிலில் ஒரு மணி நேரம் போனால் சிதம்பரம், நேரில் போய்ப் படத்தை மாற்றிக் கொடுத்திருக்கலாம். பத்து நாள் நான் போகவில்லை. கடையில் ஆளில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பத்து நாளும் ருக்கையா வாசலில் நின்று தபால்காரர் கொளஞ்சியப்பனைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அவர் தூரத்திலேயே கையை விரித்துக்கொண்டு போவார். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் எப்படியோ இன்டர்வியூவுக்குக் கார்டு வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று தைரியம் வந்து, போன இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை காலைப் பாசஞ்சரில் இரண்டு பேரும் போனோம். ஆலப்பாக்கம் தாண்டுகிற வரை கேள்வி கேட்டு அவளைத் தயார் செய்தேன், அதற்குமேல் எனக்குத் தெரிந்த கேள்வி இல்லை. அவளை உள்ளே கூப்பிட்டார்கள், நான் கதவோரம் பெஞ்சில். உள்ளே மூன்று பேர், நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை அம்மா. ஃபாரத்தைப் பிரித்தார்களோ இல்லையோ ஒரே சிரிப்பு. இந்தத் தொப்பிக்காரர்தான் எங்களிடம் பி.யூ.சி. படிக்கப்போகிறாரா என்று ஒருவர் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன், செருப்பு எங்கே விட்டேன் என்று மறந்துபோயிற்று.

ருக்கையா அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்சமும் கலங்காமல், அது எங்க அத்தா படங்க, ஃபாரம் பூரா அவுங்கதான் எழுதுனாங்க, என்னய விட அவுங்களுக்குத்தான் இதுல ஆசை ஜாஸ்தி என்றாள். அப்படியானால் உனக்கு ஆசை இல்லையா என்று அந்த அம்மா கேட்டார்கள். இருக்குங்க, ரொம்ப இருக்கு, என்கிட்ட கேட்டிருந்தாங்கன்னா படத்தக்கூட சரியா ஒட்டியிருப்பேன் என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு தவளை, இலை, ரத்தம் என்று என்னென்னவோ கேட்டார்கள், தெரிந்ததற்குப் பதில் சொன்னாள், தெரியாததற்குத் தெரியாது என்றாள், அதுவும் நாலைந்து தடவை சொன்னாள். ஒவ்வொரு தெரியாதுக்கும் இங்கே என் உயிர் போய் வந்தது.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போன வேகத்தில் சலாம் சொல்வதா வணக்கம் சொல்வதா என்று குழம்பி இரண்டையும் சொன்னேன். என் ஒன்பது சர்டிபிகேட்டையும் அந்த அம்மா ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெரியவரே, நாங்க பாக்கறது ஒண்ணுதான், போன வருஷம் நாலு பொண்ணுங்க நடுவுல கல்யாணம்னு போயிட்டாங்க, அந்த எடத்துல வேற நாலு பேரு படிச்சிருப்பாங்க, நீங்க இவள நடுவுல நிறுத்த மாட்டீங்களா, இவ முன்னாடியே சொல்லுங்க என்றார்கள். எனக்கு அமீனா முகம் ஒரு பக்கம், இவள் முகம் ஒரு பக்கம். நிறுத்த மாட்டேம்மா என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை நல்ல பெயர் வாங்கச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். ஃபாரத்தைப் பார்த்து, மூத்த பையன் என்ன படிச்சாரு என்று கேட்டுவிட்டார்கள். அவனுக்குப் படிப்புல நாட்டமில்லைங்க, பினாங்குல இருக்கான் என்றேன். ருக்கையா திரும்பி என்னைப் பார்த்தாள். ரயிலில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் பத்து நாள் காத்திருந்தது பெரிய பாடு. கொளஞ்சியப்பன் நம் தெருவுக்கே சுற்றுவழியாக வர ஆரம்பித்தார், நான் அவ்வளவு தொல்லை கொடுத்தேன். நேற்று காலை அவரே சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்தார். கார்டுதானே, வழியிலேயே படித்துவிட்டிருக்கிறார், பாய், ருக்கையாவுக்கு எடம் கெடச்சிருச்சு என்று தெரு முழுக்கக் கத்தினார். வயசுப் பெண் பெயரைத் தெருவில் கத்துகிறாரே என்று நான் கோபித்துக்கொள்ள வேண்டும், கட்டிப்பிடித்துக்கொண்டேன். பதினாறாம் தேதி சேர வேண்டும், பெண்கள் ஹாஸ்டலிலும் இடம் உண்டு. உன் அம்மா அழுதுகொண்டே பெட்டி துடைக்க ஆரம்பித்துவிட்டாள். ருக்கையா கார்டைப் பத்துத் தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள், ரயிலுக்கப்புறம் முதல் சிரிப்பு. அமீனாவுக்கு நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன், ரஃபியுதீனுக்கு வேறு நல்ல இடம் பார்க்கச் சொல்லி. அவள் வந்து திட்டுவாள், திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

ருக்கையா எதற்கு என்னை அப்படிப் பார்த்தாள் என்று உனக்குப் புரிந்திருக்கும். நீ ஆசை ஆசையாகப் படித்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அவளுக்குத் தெரியாதது, உனக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது நஸ்ருதீன். ஐம்பத்தேழில் உன் ரிசல்ட் வந்த வாரம், நீ பரங்கிப்பேட்டைக்குப் போயிருந்தபோது, உன் ஹெட்மாஸ்டர் நம் வீட்டுக்கு வந்தார். வெயிலில் நடந்து வந்தார். பையனுக்குக் கணக்கு நன்றாக வருகிறது, காலேஜில் சேருங்கள் என்று சொல்லி, ஃபாரமும் அவரே வாங்கிவந்து கையில் கொடுத்தார். நான் டீ கொடுத்து அனுப்பிவிட்டு ஃபாரத்தைச் சட்டைப்பையில் வைத்தேன், அப்புறம் எங்கே போட்டேன் என்று எனக்கே தெரியாது. நீ வந்ததும் அவர் வந்துபோனதைச் சொல்லவில்லை. சொன்னால் நீ கேட்பாய், நீ கேட்டால் எனக்கு மறுக்க வராது. அந்த மாதமே நாகப்பட்டினத்தில் உன்னைக் கப்பல் ஏற்றினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஏறினாய், நாட்டமில்லை போலிருக்கிறது என்று அன்றைக்கு நானே முடிவு செய்துகொண்டேன். அதைத்தான் ஏழு வருஷம் கழித்து அந்த அம்மாவிடமும் கூசாமல் சொன்னேன். என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், மழையில் நனையாதே, நேரத்துக்குத் தொழு. அம்மா உனக்கு ஊறுகாய் கொடுத்துவிட ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள். ருக்கையா சலாம் சொல்லச் சொன்னாள், ஹாஸ்டல் போனதும் தானே எழுதுகிறாளாம், நான் அவளுக்காக எழுத வேண்டாமாம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தருவானாக, ஆமீன்.

மறக்காமல் இதற்கு மட்டும் பதில் எழுது, மற்றதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அன்றைக்கு நான் கேட்டிருந்தால் நீ என்ன படிக்கிறேன் என்று சொல்லியிருப்பாய்?

உன் பதிலை எதிர்பார்க்கும் அத்தா,
மு. அபுபக்கர்